சூரியன் பூமியைக் காந்தத்தால் தள்ளி நிறுத்தவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈர்ப்பும் காந்தமும் பிரபஞ்சத்தின் இரு சமநிலை எதிர்விசைகள் என்று வாதிடும் கட்டுரை ஒன்று தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்திருந்தது. சூரியன் ஈர்ப்பால் பூமியை இழுக்கிறது, காந்தத்தால் தள்ளுகிறது, இரண்டும் ஈடாகும் தொலைவில் பூமி நிலைகொள்கிறது என்பதே அதன் சாரம். இதைக் கேலி செய்து ஒதுக்கக் கூடாது. 1600-ல் வில்லியம் கில்பர்ட் பூமியே ஒரு பெரிய காந்தம் என்று காட்டினார். 1609-ல் கெப்ளர் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு, கோள்களுக்குச் சூரியனிடம் நட்பான ஒரு பக்கமும் பகையான ஒரு பக்கமும் உண்டு, அதனால்தான் அவை சூரியனை நெருங்கியும் விலகியும் செல்கின்றன என்று விளக்கப் பார்த்தார். பெரிய அறிவுகளைக் கவர்ந்த கருத்து இது. ஆனால் இன்று நம்மிடம் அளந்த எண்கள் இருக்கின்றன. அவற்றை வைத்துப் பார்க்காமல் இந்தக் கருத்தை வாசகர்களிடம், குறிப்பாகப் பள்ளி மாணவர்களிடம், கொண்டுசேர்ப்பது சரியல்ல.

கட்டுரை ஒரு கேள்வியிலிருந்து புறப்படுகிறது: சூரியன் இழுத்துக்கொண்டே இருந்தால் பூமி ஏன் அதில் போய் விழவில்லை? தடுக்கும் விசை ஒன்று வேண்டாமா? வேண்டாம். பூமி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. சூரியன் பூமிக்குத் தரும் முடுக்கம் விநாடிக்கு விநாடி சுமார் 5.9 மி.மீ. அதனால் ஒவ்வொரு விநாடியும் பூமி தன் நேர்கோட்டுப் பாதையிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 3 மி.மீ. விலகுகிறது. அதே விநாடியில் பக்கவாட்டில் ஏறத்தாழ 29.8 கி.மீ. ஓடிவிடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் சுற்றுப்பாதை. உண்மையிலேயே சம அளவுள்ள எதிர்விசை ஒன்று செயல்பட்டிருந்தால் மொத்த விசை சுழியாகியிருக்கும். அப்போது பாதை வளையாது, பூமி நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். ஆக, பாதை வளைவதே ஈர்ப்புக்கு ஈடான எதிர்விசை அங்கே இல்லை என்பதற்குச் சான்று.

சரி, விசை எவ்வளவு என்று கணக்கிட்டே பார்த்துவிடலாம். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான ஈர்ப்பு சுமார் 3.5 × 10²² நியூட்டன். காந்தக் கணக்குக்கு இரண்டின் காந்தத் திருப்புத்திறன், அதாவது ஒரு காந்தத்தின் மொத்த வலுவைக் காட்டும் அளவு, வேண்டும். பூமிக்கு அது சுமார் 8 × 10²² ஆம்பியர்-சதுர மீட்டர். சூரியனின் முனைப் பகுதியில் சராசரிப் புலம் 1 காஸ் (டெஸ்லாவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) என்று எடுத்துக்கொண்டால், ஆரம் 6.96 × 10⁸ மீட்டர் என்பதால், அதன் திருப்புத்திறன் ஏறத்தாழ 1.7 × 10²⁹ வரும். இரண்டு இருமுனைக் காந்தங்கள் ஒரே அச்சில் நேருக்கு நேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விசை அதிகபட்சமாக இருக்கும் அமைப்பு அதுதான். இரு திருப்புத்திறன்களையும் பெருக்கி, 6 × 10⁻⁷-ஆல் பெருக்கி, தொலைவின் நான்காம் படியால் வகுக்க வேண்டும். தொலைவு 1.5 × 10¹¹ மீட்டர். அதன் நான்காம் படி சுமார் 5 × 10⁴⁴. விடை 16 நியூட்டன். பூமியின் தரையில் 1.6 கிலோ நிறையைக் கையில் தாங்கும்போது உணரும் விசை அவ்வளவுதான். கோளும் விண்மீனும் இவ்வளவு தொலைவில் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் நேரடிக் காந்த விசை இந்த அளவை ஒட்டியதுதான்.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. சூரியனின் புலம் வெற்று இருமுனைப் புலம்போல் குறைவதில்லை. சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம், அதை வெளியே இழுத்து வருகிறது. உண்மை. பூமியின் அருகே அளக்கப்படும் புலம் சுமார் 5 நானோடெஸ்லா. அது தொலைவுக்குத் தொலைவு மாறும் வீதத்தைப் பூமியின் திருப்புத்திறனால் பெருக்கினாலும் சில ஆயிரம் நியூட்டனைத் தாண்டாது. சூரிய ஒளியின் அழுத்தமே பூமியை ஏறத்தாழ 6 × 10⁸ நியூட்டன் விசையுடன் தள்ளுகிறது. காந்தத்தை விட ஒளியே பல்லாயிரம் மடங்கு பலமாகத் தள்ளுகிறது என்றால், ஈர்ப்புக்கு ஈடாக நிற்பது காந்தம் என்று எப்படிச் சொல்வது?

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கும் வானம் பதில் சொல்கிறது. சூரியனின் வட, தென் காந்த முனைகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன. விலக்கிய விசை அப்போது ஈர்க்கும் விசையாக வேண்டும். பூமியின் பாதையில் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருங்குழப்பம் நேர வேண்டும். அப்படி எதுவும் இல்லை. பூமியின் காந்த முனைகளும் பலமுறை தலைகீழாகியிருக்கின்றன. கடைசி முழு மாற்றம் சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலமே இல்லை. செவ்வாய்க்குக் கோள் முழுவதற்குமான புலம் இல்லை, பாறைகளில் உறைந்த மிச்சம் மட்டும் இருக்கிறது. வியாழனின் காந்தத் திருப்புத்திறனோ பூமியுடையதைப்போல் சுமார் 20,000 மடங்கு. எதிர்விசைக் கொள்கை சரியென்றால் இந்த மூன்றும் மூன்று வேறு விதிகளின்படி ஓட வேண்டும். ஆனால் சுற்றுக்காலத்தின் இருபடி தொலைவின் முப்படிக்கு நேர்விகிதம் என்ற ஒரே விதி மூன்றுக்கும் பொருந்துகிறது. வெள்ளியின் தொலைவு பூமியுடையதில் 0.723 பங்கு, விதிப்படி சுற்றுக்காலம் 224.5 நாள், அளந்தது 224.7. வியாழனின் தொலைவு 5.203 பங்கு, விதிப்படி 11.87 ஆண்டு, அளந்தது 11.86. காந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடையில் மாற்றமில்லை.

ஈர்ப்பும் காந்தமும் ஒரே கணித வடிவம் கொண்டவை என்று கட்டுரை சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1785-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும், நீண்ட, மெல்லிய காந்தங்களின் முனைகளுக்கு இடையிலான விசை தொலைவின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதைக் காட்டினார். பாடநூல்களில் அதுவே நிற்கிறது. ஆனால் தனி வடமுனையையோ தனி தென்முனையையோ இதுவரை யாரும் பிரித்தெடுத்ததில்லை. இரண்டும் சேர்ந்தே வருவதால் தொலைவில் ஒன்றை மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது; புலம் முப்படியிலும், இரு காந்தங்களுக்கிடையிலான விசை நான்காம் படியிலும் சரிகிறது. நியூட்டன் இதை அன்றே கவனித்தார். பிரின்சிப்பியா என்ற தன் நூலின் மூன்றாம் பகுதியில், காந்தத்தின் இயல்பு ஈர்ப்பின் இயல்பிலிருந்து வேறு என்றும், காந்த விசை இருபடியில் அல்லாமல் ஏறத்தாழ முப்படியில் குறைவதாகத் தன் தோராயமான சோதனைகள் காட்டுகின்றன என்றும் எழுதினார். ஒன்று இருபடியிலும் மற்றொன்று நான்காம் படியிலும் குறைந்தால் இரண்டும் ஈடாகும் தொலைவு ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். எட்டுக் கோள்கள், அவற்றின் துணைக்கோள்கள், நீள்வட்டத்தில் பாயும் வால்வெள்ளிகள் என்று எல்லாத் தொலைவிலும் ஈடாகும் சமநிலைக்கு இதில் இடமே இல்லை.

இதைவிட ஆழமான வேறுபாடு, விசை எதைப் பொறுத்தது என்பதில் இருக்கிறது. நியூட்டன் பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை ஆகியவற்றை ஒரே அளவுள்ள ஊசல்களில் தொங்கவிட்டு ஆட்டினார். ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலும் தெரிந்திருக்கும், தெரியவில்லை. ஈர்ப்பு நிறையை மட்டுமே பார்க்கிறது. காந்தமோ பொருளுக்குப் பொருள் மாறும்: இரும்பைப் பலமாக இழுக்கும், அலுமினியத்தை மிக லேசாக இழுக்கும், பிஸ்மத்தைத் தள்ளும். அதே இரும்பை 770 °செ.-க்கு மேல் காய்ச்சினால் அதன் பெருங்காந்தத் தன்மை போய்விடும், எடை போகாது.

மாற்றுக் கொள்கைகளில் இந்தக் கட்டத்தைத் தாண்டப் பார்த்த ஒன்று மதிப்புக்குரியது. 1836-ல் மொசோட்டி என்ற இயற்பியலாளரும், அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸோல்னர் என்ற வானியலாளரும் சொன்னது இது: எதிர்மின்னூட்டங்களின் கவர்ச்சி, ஒத்த மின்னூட்டங்களின் விலக்கத்தைவிடத் துளி அதிகம், அந்த மிச்சமே ஈர்ப்பு. எவ்வளவு துளி? இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துக்கொண்டால் 10³⁶-ல் ஒரு பங்கு அளவு. தொலைவு விதி பொருந்துகிறது. எப்போதும் இழுவையாகவே இருப்பதும் பொருந்துகிறது. விழும் இடம் வேறு. இந்தக் கொள்கையில் எடை என்பது அணுவில் உள்ள மின்னூட்டங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. டைட்டானியத்தில் நிறையெண்ணுக்குப் புரோட்டான்களின் விகிதம் 0.46, பிளாட்டினத்தில் 0.40. ஆகவே இரண்டும் பத்து சதவீதத்துக்கும் மேலான வேறுபாட்டுடன் விழ வேண்டும். 2016-ல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சுச் செயற்கைக்கோளில் பெரும்பாலும் இந்த இரு உலோகங்களாலான உருளைகள் இரண்டாண்டுக்கும் மேலாக ஒன்றாக விழவிடப்பட்டன. 2022-ல் வெளியான இறுதி முடிவின்படி, 10¹⁵-ல் சில பங்கு என்ற நுட்பத்திலும் வேறுபாடு தென்படவில்லை. ஈர்ப்பை மின்காந்தத்திலிருந்து பிறப்பிக்க முன்வரும் எந்தக் கொள்கையும் முதலில் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கட்டுரையாளர் பெரிதும் நம்புவது மிதக்கும் காந்தங்களை. காந்தம் ஈர்ப்பை ரத்து செய்வதைக் கண்ணால் காணலாம் என்கிறார். இதை யாரும் செய்து பார்க்கலாம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். வெளிவிட்டம் 4 முதல் 5 செ.மீ., கனம் 8 முதல் 10 மி.மீ. உள்ள ஃபெரைட் வளையக் காந்தங்கள் இரண்டு, அவற்றின் துளையைவிட 1 மி.மீ. குறைவான விட்டமுள்ள வழவழப்பான மரக்கோல் அல்லது பிளாஸ்டிக் கோல், 1 கிராம் வரை துல்லியமான மின்னணுத் தராசு, இவை போதும். கோலை ஒரு மரப்பலகையில் செங்குத்தாகப் பொருத்தி, பலகைக்கும் தராசுக்கும் நடுவே 20 செ.மீ. உயரமுள்ள மரக்கட்டையோ தெர்மக்கோல் கட்டையோ வைக்க வேண்டும். இந்த இடைவெளி மிக முக்கியம். தராசுக்குள் இருக்கும் எஃகுத் திருகுகளைக் காந்தம் இழுத்தால் எடை கூடியோ குறைந்தோ காட்டும். மிதக்கும் காந்தத்தின் எடை குறைவதாக நம்பப்படும் பல சோதனைகள் இந்த ஒரு பிழையில்தான் பிறக்கின்றன. கீழ் வளையத்தை மட்டும் கோலில் மாட்டி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒத்த முனைகள் எதிரெதிராக வரும்படி மேல் வளையத்தை மாட்டுங்கள். அது அந்தரத்தில் நிற்கும். தராசு என்ன காட்டுகிறது? மேல் வளையத்தைத் தனியாக நிறுத்தால் என்ன வருமோ அதே அளவு கூடுதலாகக் காட்டும். எடை எங்கும் போகவில்லை. மேல் வளையத்திலிருந்து காந்தப்புலம் வழியாகக் கீழ் வளையத்துக்கும், அங்கிருந்து பலகைக்கும் இறங்கியிருக்கிறது. மேசைமேல் வைத்த புத்தகத்தை மேசை தாங்குவதற்கும் இதற்கும் இயற்பியலில் வேறுபாடு இல்லை. மேசையை யாரும் ஈர்ப்பின் பிரபஞ்ச எதிர்விசை என்று சொல்வதில்லையே.

அதே அமைப்பில் தொலைவு விதியையும் சோதிக்கலாம். மேல் வளையத்தின்மீது பித்தளை வாஷர்களை ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு முறையும் இடைவெளியை அளக்க வேண்டும். நாணயங்களைப் பயன்படுத்தக் கூடாது. பல நாணயங்களைக் காந்தம் இழுக்கும். அளக்கும் முன் கோலை விரலால் மெல்லத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் உராய்வில் வளையம் சரியான இடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலோ கீழோ சிக்கி நிற்கும். எடையையும் இடைவெளியையும் இரட்டை மடக்கை வரைபடத்தில் (இரு அச்சுகளும் மடக்கை அளவில் உள்ளது; அதில் கோட்டின் சரிவே படியைக் காட்டும்) குறித்தால் நேர்கோடு வராது. வளையங்கள் நெருங்கியிருக்கும்போது சரிவு குறைவாகவும், விலக விலக அதிகமாகவும் இருக்கும். வளையத்தின் விட்டத்தைவிட மிகப் பெரிய தொலைவுகளில் அது நான்கை நோக்கிப் போகும். ஈர்ப்பின் இரண்டாம் படி அங்கே நிலையாக எங்கும் கிடைக்காது.

இனி கோலை உருவிவிடுங்கள். மேல் வளையம் உடனே பக்கவாட்டில் நழுவி, புரண்டு, கீழ் வளையத்தோடு ஒட்டிக்கொள்ளும். இது கைத்திறன் போதாமையால் நேர்வதல்ல. நிலையான காந்தங்களையும் ஈர்ப்பையும் மட்டும் கொண்டு எந்த வடிவில் அடுக்கினாலும் எல்லாத் திசையிலும் உறுதியான சமநிலை கிடைக்காது என்று 1842-ல் எர்ன்ஷா நிறுவினார். மேல்-கீழ் உறுதி கிடைத்தால் பக்கவாட்டு உறுதி போகும். பக்கவாட்டு உறுதி கிடைத்தால் மேல்-கீழ் போகும். எதிர்விசைச் சமநிலைக் கொள்கைக்கு இதுவே பெரிய தடை. இத்தனைக்கும் விலக்கும் காந்தங்கள் சுதந்திரமாக விடப்பட்டால் திரும்பிக்கொண்டு ஈர்க்கவே தொடங்கும். விலக்கம் நிலைப்பதற்கு வெளியிலிருந்து ஏதாவது ஒன்று அவற்றைப் பிடித்துவைக்க வேண்டும்.

எர்ன்ஷாவின் தடையைச் சுற்றிப்போகும் வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் கூடுதலாக ஒரு பொறியைக் கேட்கிறது. லெவிட்ரான் என்ற மிதக்கும் பம்பரம் சுழற்சியால் தன் அச்சைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. விநாடிக்குச் சுமார் 20 முதல் 35 சுற்று வரை அது நிற்கும். வேகம் 18-க்குக் கீழே வந்தால் புரண்டு விழும். உறுதியாக மிதக்கக்கூடிய உயர எல்லையின் அகலம் சில மில்லிமீட்டரே என்பதால் எடையைப் பத்தில் ஒரு கிராம் அளவில் வாஷர்களால் திருத்த வேண்டும். ஃபெரைட் காந்தம் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் சுமார் 0.2 சதவீதம் வலுவிழக்கும். அடித்தளம், பம்பரம் இரண்டும் காந்தம் என்பதால் அறை வெப்பம் 5 டிகிரி கூடினாலே தூக்குவிசை ஏறத்தாழ 2 சதவீதம் குறைந்து, சற்றுமுன் மிதந்த பம்பரம் விழும். சூரிய மண்டலத்தின் சமநிலை இப்படிப்பட்டதாக இருந்தால் நாம் இங்கே இருக்கவே மாட்டோம்.

டயாகாந்தப் பொருள்கள், அதாவது காந்தப்புலத்தால் லேசாகத் தள்ளப்படும் பொருள்கள், இரண்டாம் வழி. நான்கு நியோடிமியம் காந்தக் கட்டைகளை வட, தென் முனைகள் சதுரங்கக் கட்டம்போல் மாறிமாறி வரும்படி ஒட்டவைத்து, மேலே மெல்லிய பைரோலிட்டிக் கிராஃபைட் தகட்டை வைத்தால் அது சுமார் 1 மி.மீ. உயரத்தில் உறுதியாக மிதக்கும். தகடு தடிமனாக இருந்தால் மிதக்காது. மேல்பகுதி புலம் வேகமாகக் குறையும் உயரத்துக்குப் போய்விடுவதால் எடை கூடுகிறதே தவிரத் தூக்குவிசை கூடுவதில்லை. அரை மில்லிமீட்டர் போதும். நீரையே மிதக்கவைக்க வேண்டுமென்றால் புலத்தையும் அது மாறும் வீதத்தையும் பெருக்கினால் மீட்டருக்கு ஏறத்தாழ 1,400 சதுர டெஸ்லா வர வேண்டும். 1997-ல் நெதர்லாந்தின் நைமேகனில் உயிருள்ள தவளையை மிதக்கவைக்க 16 டெஸ்லா மின்காந்தம் தேவைப்பட்டது. மூன்றாவது வழி மின்னணுக் கட்டுப்பாடு. டிரான்ஸ்ரேபிட் வகைக் காந்த மிதவை ரயிலில் 10 மி.மீ. இடைவெளியை உணரிகள் இடைவிடாமல் அளந்து மின்காந்தத்தின் மின்னோட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. அந்தத் திருத்தம் நின்றால் ரயில் தடத்தோடு ஒட்டிக்கொள்ளும் அல்லது விழும்.

செம்புக் குழாய்க்குள் காந்தம் மெதுவாக இறங்குவதையும் கட்டுரை சான்றாகக் காட்டுகிறது. அங்கே நடப்பது சுழிப்பு மின்னோட்டம். காந்தம் அசைவதால்தான் குழாயின் சுவரில் மின்னோட்டம் பிறக்கிறது. காந்தம் நின்றால் எதிர்விசையும் நின்றுவிடும். ஆகவே அது விழுவதை மெதுவாக்கும், ஒருபோதும் நிறுத்தாது. இழந்த நிலையாற்றல் குழாயில் வெப்பமாகிறது. சுவர்க் கனம் 2 மி.மீ.-க்குக் குறையாத, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளக் குழாயைத் தராசின்மேல் கட்டை வைத்து நிறுத்தி, காந்தத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். சீரான வேகத்தில் இறங்கும்போதே தராசு குழாயின் எடையோடு காந்தத்தின் முழு எடையையும் சேர்த்துக் காட்டும். மெல்லிய குழாயென்றால் காந்தம் ஒன்றிரண்டு விநாடியில் இறங்கிவிடும். தராசு எண்ணை நிலைப்படுத்துவதற்குள் சோதனை முடிந்துவிடும்.

ஈர்ப்புக்கும் மின்காந்தத்துக்கும் உறவு இருக்க வேண்டும் என்று தேடியவர்கள் வெறும் ஆசையில் தேடியவர்கள் அல்லர். ஃபாரடே 1849-ல் தொடங்கி, கம்பிச் சுருள்களையும் உலோக உருளைகளையும் விழவிட்டு மின்னோட்டம் பிறக்கிறதா என்று பார்த்தார். பூமியின் காந்தப்புலத்தில் கம்பி அசைவதால் வரும் போலி மின்னோட்டங்களை நீக்கிய பிறகு எதுவும் மிஞ்சவில்லை. உறவு உண்டு என்ற நம்பிக்கை மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் முடிவு எதிர்மறை என்றே பதிப்பித்தார். 1947-ல் பிளாக்கெட் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர், சுழலும் எந்தப் பெருநிறையும் தானாகவே காந்தமாகும் என்ற விதியை முன்வைத்தார். பூமி, சூரியன், ஒரு விண்மீன் மூன்றுக்கும் அது வியக்கத்தக்க வகையில் பொருந்தியது. அதைச் சோதிக்கச் சுமார் 15 கிலோ பொன் உருளையை எடுத்துக்கொண்டார். பொன் அடர்த்தி மிக்கது, தூய்மையாகக் கிடைப்பது. பூமியோடு சேர்ந்து அதுவும் சுழல்வதால் நுண்ணிய புலம் ஒன்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை. ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் எடுத்த அளவுகளும் அவர் விதிக்கு எதிராகவே வந்தன. 1952-ல் அதை எதிர்மறைச் சோதனை என்ற தலைப்பிலேயே வெளியிட்டார். அந்தச் சோதனைக்காக உருவாக்கிய நுண் காந்தமானி பிறகு பாறைகளில் உறைந்த பழங்காந்தத்தை அளக்கவும், கண்டங்கள் நகர்ந்ததை உறுதிப்படுத்தவும் உதவியது. மாற்றுக் கொள்கையை எப்படி முன்வைக்க வேண்டும் என்பதற்கு இந்த இருவரைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

எதிர்விசைச் சமநிலை என்பது முற்றிலும் கற்பனை என்று சொல்லவில்லை. கட்டுரை விட்டுவிட்ட இடங்களில்தான் அது உண்மையாக இருக்கிறது. ஒரு கிலோ நிறையுள்ள இரு கோளங்களுக்குத் தலா 8.6 × 10⁻¹¹ கூலும் மின்னூட்டம் கொடுத்தால் அவற்றின் மின்விலக்கம் ஈர்ப்புக்குச் சரியாக ஈடாகும். இரண்டும் இருபடி விதி என்பதால் இந்த ஈடு எந்தத் தொலைவிலும் நிற்கும். கூடுதல் எலக்ட்ரான்கள் சுமார் 54 கோடி. கேட்க அதிகமாகத் தோன்றினாலும் அந்தக் கோளத்தில் உள்ள எலக்ட்ரான்களில் 10¹⁸-ல் சுமார் இரண்டு பங்கே. 3 செ.மீ. ஆரமுள்ள இரும்புக் கோளத்துக்கு அது வெறும் 25 வோல்ட். ஈர்ப்பு மாறிலியை அளக்கும் முறுக்குத் தராசில் (மெல்லிய இழை முறுகும் அளவைக்கொண்டு விசையை அளப்பது) எல்லா நிறைகளையும் நில இணைப்புச் செய்து, உலோக உறைக்குள் வைக்க வேண்டியிருப்பது இதனால்தான். அதை மறந்தால் அளப்பது ஈர்ப்பாக இருக்காது. 1947-ல் சுதான்சு தத்த மஜும்தாரும் பாப்பாபெட்ரூவும் தனித்தனியே, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலிலும் இந்தச் சமநிலை துல்லியமாக நிற்பதைக் காட்டினார்கள். உச்ச மின்னூட்டம் கொண்ட பல கருந்துளைகள் ஒன்றையொன்று இழுக்காமல் தள்ளாமல் அருகருகே இருக்க முடியும். தனிக் காந்த முனை என்றொன்று இருந்தால் அதற்கும் இதே கணக்கு பொருந்தும். இருப்பதாகத் தெரியவில்லை.

வானியலில் காந்தம் ஈர்ப்பை உண்மையாகவே தாங்கும் இடங்களும் உண்டு. சூரியனின் விளிம்பில் தெரியும் தழல் வளைவுகளில் ஏறத்தாழ 8,000 கெல்வின் வெப்பமுள்ள அடர்ந்த வாயு, பத்து லட்சம் கெல்வின் வெப்பமுள்ள மெல்லிய வெளிமண்டலத்தில் வாரக்கணக்கில் தொங்குகிறது. அதைத் தாங்குவது வளைந்த காந்தப்புலக் கோடுகள். விண்மீன்கள் பிறக்கும் மூலக்கூறு மேகங்களிலும் காந்தப்புலம் சுருக்கத்தை எதிர்க்கிறது. நிறைக்கும் காந்தப் பாயத்துக்கும் (மேகத்தை ஊடுருவும் மொத்தக் காந்தப்புலம்) உள்ள விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஈர்ப்பு வெல்லும். அதற்குக் கீழே இருந்தாலும், மின்னூட்டமற்ற அணுக்கள் புலத்தைப் பொருட்படுத்தாமல் மெதுவாக நழுவி நடுவே சேர்ந்துவிடும். மின்னூட்டம் பெற்ற வாயுவைத்தான் புலம் பிடிக்கும். கல்லையும் கோளையும் பிடிக்காது. 1992-ல் சில வானியலாளர்கள் விண்மீன் மண்டலங்களின் வெளிவிளிம்பு வேகத்தைக் கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால் மட்டும் ஊகிக்கப்படும் பொருள்) இல்லாமல் காந்தப்புலத்தால் விளக்க முயன்றபோதும் இங்கேயே சிக்கல் வந்தது. வாயுவைக் காந்தம் பிடிக்கலாம். விண்மீன்களை அது பிடிக்காது. அதே வேகத்தை விளக்க 1983-ல் மில்க்ரோம் வேறு வழியில், மிகச் சிறு முடுக்கங்களில் ஈர்ப்பு விதியே மாறுவதாகச் சொன்னார். அது இன்னும் விவாதத்தில் இருக்கும் கொள்கை. கட்டுரை அதைக் காந்தக் கொள்கையோடு ஒரே வரிசையில் வைத்தது பொருத்தமற்றது.

ஈர்ப்புக்கே காந்தம் போன்ற ஒரு கூறு உண்டு என்பதையும் சேர்க்க வேண்டும். 1893-ல் ஹெவிசைடு ஊகித்தார்; ஐன்ஸ்டைனின் கொள்கையிலிருந்து 1918-ல் ஜோசப் லென்ஸ, ஹான்ஸ் திர்ரிங் என்ற இருவரும் கணக்கிட்டனர். சுழலும் நிறை தன்னைச் சுற்றிய வெளியையும் சற்றே இழுத்துத் திருப்புகிறது. 2004-ல் ஏவப்பட்ட கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோளின் சுழலிகள் அதை ஆண்டுக்கு 37.2 மில்லி விநாடிக் கோணம் என்று அளந்தன (ஒரு விநாடிக் கோணம் என்பது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு). பிழை எல்லை 7.2, கணித்த மதிப்பு 39.2. ஒரே திசையில் ஓடும் மின்னோட்டங்கள் ஈர்க்கும். ஒரே திசையில் ஓடும் நிறைகளுக்கு இடையே இந்தக் கூறு விலக்கும். ஈர்ப்பை எதிர்க்கும் காந்தம் என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம். ஆனால் இது ஈர்ப்பின் ஒரு பகுதியே. திசைகாட்டியின் முள்ளை இது அசைக்காது.

கட்டுரையோடு வந்த படத்தைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சூரியனிலிருந்து வெளிநோக்கி வரையப்பட்டு, காந்த விலக்கு விசை என்று பெயரிடப்பட்ட அம்புக்குறியை நீக்க வேண்டும். பூமியிலிருந்து சூரியனை நோக்கி ஈர்ப்புக்கு ஓர் அம்பு, அதற்குச் செங்குத்தாகத் திசைவேகத்துக்கு வேறு நிறத்தில் ஓர் அம்பு, இரண்டு மட்டும் போதும். திசைவேக அம்பைப் பாதையின் தொடுகோடாக வரையச் சொல்லுங்கள். விசை அம்பின் நிறத்திலேயே அதையும் வரைந்தால் மாணவர்கள் அதை இன்னொரு விசை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் வாசகர்